கையெழுத்துக் கேட்ட சிறுபோகம்

அக்கராயனுக்குப் போகும் தெருவிலிருந்து விலகி, காட்டை வெட்டி உண்டாக்கிய ஒரு குடியேற்றத்தில், ஐம்பதுகளின் இறுதியிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் நான் பள்ளிக்கூட ஆசிரியனாக இருந்தேன். பொருளியல் படித்துப் பட்டம் பெற்றவன் என்பதனால், விவசாயிகளின் கமக்காரர் சங்கத்தின் செயலாளர் பதவியும் கேட்காமலே என் தலையில் வந்து ஏறியது. கூட்டக் குறிப்பு எழுதுவதும், மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு மனு வரைவதும், காணி அதிகாரி வரும் நாளில் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து விளக்கம் சொல்வதும் என் வேலை. அந்தப் பதவியில் நான் எழுதிய தாள்களுக்குக் கணக்கில்லை. அவற்றுள் ஒருவருமே ஒப்பமிடாத ஒரு தாள்தான் உண்மையில் ஒரு காரியத்தைச் செய்து முடித்தது. அதை நினைக்கும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. என்மீது மட்டுமல்ல, எங்கள் எல்லோர்மீதும்.

குளத்தில் தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் சிறுபோகத்தை எப்படிச் செய்வது என்பதற்கு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மாரி மழையோடு செய்யும் காலபோகத்தில் எல்லா வயலும் விதைக்கப்படும். கோடையில் குளத்து நீரை மட்டும் கொண்டு செய்யும் சிறுபோகத்துக்கு நீர் போதாதென்றால், வாய்க்காலின் கடைசியிலுள்ள கடைமடை வயல்களை அப்படியே விட்டுவிடுவார்கள். குளத்துக்கு அண்மையிலுள்ள மேல்மடை வயல்களைக் கயிறு பிடித்துத் துண்டுகளாக்கி, கடைமடைக்காரருக்கும் ஆளுக்கொரு துண்டு, அந்த ஒரு போகத்துக்கு மட்டும் கொடுப்பார்கள். மூலைகளில் நான்கு தடிகள் நிற்கும். காணிக்காரர் தன் மண்வெட்டியாலேயே வரம்பில் மடைவாய் வெட்டி, வந்தவரின் துண்டுக்கு முதல் தண்ணீரைத் திறந்துவிடுவார். அறுவடை முடிந்ததும், பயிர் செய்தவர் அந்த வாயைத் தன் கையால் மண் வைத்து அடைத்துவிட்டுப் போவார். கொடுத்ததற்கும் திருப்பியதற்கும் அதற்குமேல் சாட்சி ஒருவரும் கேட்டதில்லை.

இந்த வழக்கத்தின் இரு முனைகளிலும் நின்ற இருவரைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். ஒருவர் மேல்மடையில் முதலாவது காணிக்காரர். நான் அவரை அண்ணை என்று அழைப்பேன். மற்றவர் கடைமடையின் கடைசிக் காணிக்காரி. எனக்கு அக்கா. இரு குடும்பங்களும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரே ஊரிலிருந்து, ஒரே லொறியில், ஆனையிறவைத் தாண்டி வந்தவை. காணி பிரித்த நாளில் ஒரு பிஸ்கட் பேணியில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்களாம். அண்ணை கைவிட்டு எடுத்த சீட்டு அவரைக் குளக்கட்டின் அடியில் வைத்தது. அக்காவின் கணவர் எடுத்த சீட்டு அவர்களை ஒன்றரை மைல் தள்ளிக் காட்டோரத்தில் வைத்தது. அன்று இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினார்கள் என்று அக்காவே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

நான் அங்கே போனபோது அந்தச் சீட்டுக்குப் பத்து வயது. அண்ணையின் வீட்டுக்கு ஓடு போட்டாயிற்று. உழவு மிசினுக்கு முற்பணமும் கட்டியாயிற்று. அக்காவின் வீட்டுக் கூரைக் கிடுகு இரண்டு ஆண்டாக மாற்றப்படவில்லை. கிணறு வெட்டும்போது கல் சரிந்து விழுந்து அவருடைய கணவரின் இடுப்பு முறிந்தது. அடுத்த ஆண்டு மாட்டுக்கு வந்த நோயில் எருமைச் சோடி ஒரே கிழமையில் செத்தது. அதற்கடுத்த காலபோகத்தில் மழை பொய்த்தது. கடைமடைக்கு வாய்க்காலில் ஈரம்கூட வரவில்லை. கதிர் வருமுன்பே பயிர் கருகிற்று.

வறுமை ஒருவரிடமிருந்து எதை முதலில் எடுக்கிறது என்று பரீட்சையில் கேட்டிருந்தால், சேமிப்பு என்றோ நுகர்வு என்றோ எழுதியிருப்பேன். அங்கே கண்ணால் கண்டது வேறு. அக்காவின் சொல்லின் பெறுமதிதான் முதலில் இறங்கியது. முன்பு அவர் ஒரு வீட்டுப் படலையைத் திறந்தால், ‘வாங்கோ’ என்பார்கள். பின்னர், ‘என்ன, வந்தனீங்கள்?’ என்று கேட்டார்கள். அவர் சுகம் விசாரிக்கப் போனாலும் எதையோ கேட்க வந்திருக்கிறார் என்று முகங்கள் இறுகும். அண்ணையின் வீட்டில் மண்வெட்டி இரவல் கொடுப்பார்கள், மறுக்கமாட்டார்கள். ஆனால் அக்கா திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, அண்ணையின் மனைவி அதன் இரும்பு இலையைத் திருப்பிப் பிடித்து விளிம்பைப் பார்ப்பார். வேறு யார் கொண்டுவந்தாலும் அதை அவர் சுவரில் சாத்திவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். இந்த வேறுபாட்டை நான் கவனித்தேன். அக்கா எனக்கு முன்பே கவனித்திருந்தார். பதிலுக்கு அவரும் மாறினார். அண்ணையின் வீட்டிலிருந்து பொங்கலன்று வந்த பொங்கலை ஏன் அனுப்பினார்கள் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தார். இழந்தவரை மற்றவர்கள் சந்தேகித்தார்கள். இழந்தவரோ எல்லோரையும் சந்தேகித்தார்.

இந்த நிலையில்தான் குளத்தில் அரைவாசித் தண்ணீரோடு அந்தச் சிறுபோகம் வந்தது. அக்காவுக்கு அந்தப் போகத்தில் ஒரு கால் ஏக்கர் துண்டு கிடைக்க வேண்டும். மாடில்லாவிட்டாலும் மண்வெட்டியால் கொத்தியே விதைத்துவிடலாம். அதில் விளையும் நெல், மாரியில் சொந்த வயலுக்கு விதைநெல்லாகும். சங்கத்து விதைநெல் முந்திய போகம் அறுத்தவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். விதைநெல் கையில் இருந்தால், உடலுழைப்பைப் பதிலாகக் கொடுத்து உழவுக்கு ஆள் பிடிக்கலாம். இல்லாவிட்டால் வயல் மாரியிலும் தரிசு. மாரியில் தரிசாகக் கிடக்கும் காணியின் அனுமதிப் பத்திரத்தை அரசாங்கம் திரும்ப எடுக்கும். அப்படி எடுக்கப்பட்ட காணிகள் இரண்டை நானே பார்த்திருந்தேன். கால் ஏக்கர் துண்டு ஒன்றில் மூன்று ஏக்கர் காணி தொங்கிக்கொண்டிருந்தது.

சிறுபோகக் கூட்டம் பள்ளிக்கூடக் கொட்டகையில், பகல் வெயில் ஏறுமுன் நடந்தது. தண்ணீர் பங்கிடுவதற்காகக் கமக்காரரே தெரிவுசெய்த வட்டவிதானையார் முன்னால் இருந்தார். நான் குறிப்பெழுதும் கொப்பியோடு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். முதல் துண்டைப் பற்றிப் பேச்சு எடுத்ததும் அண்ணை எழுந்தார்.

“நான் தரமாட்டன் எண்டு சொல்லேல்லை. ஆனால் முந்தின காலம் வேற, இப்ப வேற. உழுகிறவனை எழுப்பேலாது எண்டு சட்டம் வந்திருக்கு. ஒரு போகம் எண்டு வந்தவை ஒன்பது போகம் இருந்தால் நான் ஆரிட்டப் போறது?”

“வீட்டுக்கு ஓடு போட்டாப் பிறகு அண்ணைக்குச் சட்டமெல்லாம் விளங்குது,” என்றார் பின்வரிசை வாங்கில் இருந்த ஒருவர். “கிடுகுக்குக் கீழ இருக்கேக்க ஒண்டும் விளங்கேல்லை.”

கொட்டகை சிரித்தது. அண்ணை சிரிக்கவில்லை. பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“போன முறை தண்ணி குறைஞ்ச வருசம் உங்கட வயலிலதானே செய்தனாங்கள். அறுத்து, வைக்கோலையும் உங்களுக்கே விட்டிட்டு, வாயை அடைச்சிட்டுத்தானே போனனாங்கள். அண்டைக்கு எடுக்காத காணியை இண்டைக்கு ஏன் எடுக்கப் போறம்?”

“அண்டைக்கு உங்களிட்ட எருமைச் சோடி நிண்டது, பிள்ளை. மனுசனும் எழும்பி நடமாடினார். இப்ப…”

அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. இல்லாமற் போனவர்கள் எதையும் செய்வார்கள் என்பதை அங்கிருந்த எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். அக்காவும் கேட்டார்.

அந்த இடத்தில் நான் எழுந்து நின்றேன். எழுதி வைப்போம் என்றேன். பிரச்சினை அச்சம்; அச்சத்துக்குக் காரணம் தெளிவின்மை; தெளிவை எழுத்து தரும். இப்படித்தான் என் சிந்தனை ஓடியது. ஒரு தாளில் இருவரும் ஒப்பமிட்டால் காணிக்காரருக்குக் காணி போகாது, வந்தவருக்குப் போகம் முடியும்வரை துண்டு போகாது. எளியவரின் பக்கம் நின்று பேசுகிறேன் என்றே முழுமனதாக நம்பினேன்.

“அப்ப, மாஸ்டர், கலியாணத்திலயும் முதல் கையெழுத்து, பிறகுதான் தாலியோ?” என்றார் அதே பின்வரிசைக்காரர்.

விதானையார் மட்டும் சிரிக்காமல் என் பக்கம் குனிந்தார். “உது வேண்டாம், மாஸ்டர். வாயால சொன்னால் ரெண்டு பேருக்கும் ஒரு வெக்கம் இருக்கும். எழுதினால் அந்த வெக்கம் விட்டுப்போகும்.”

அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நான் அவருக்கு ஒப்பந்தம் என்பதன் பயனை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “படிச்ச நீங்கள் சொல்லுறியள்,” என்று முடித்துக்கொண்டார். அதை உடன்பாடு என்று நான் குறிப்பில் எழுதினேன்.

அன்று மாலையே தாளை வரைந்தேன். நல்ல தமிழில், ஐயத்துக்கு இடமில்லாமல் வரைந்தேன். காணிக்காரர் இன்னாருக்குத் தம் வயலில் பயிர்செய்ய இடங்கொடுத்ததாக ஒரு பத்தி. பெற்றவர் போகம் முடிந்ததும் எவ்வித உரித்தும் பாத்தியதையும் கோராமல் நீங்கிக்கொள்வதாக இன்னொரு பத்தி. இரண்டு பிரதிகள் எடுத்து, சைக்கிளில் போய் இரண்டு வீட்டிலும் கொடுத்தேன்.

அண்ணை அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் பரந்தன் சந்தியில் பஸ் ஏறி, யாழ்ப்பாணத்தில் பிறக்கிராசி எனப்படும் வழக்கறிஞர் ஒருவரிடம் போய்வந்தார். வந்ததும் என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கே வந்தார்.

“உன்ர வயலை இன்னொருத்தர் செய்யினம் எண்டு நீயே எழுதி ஒப்பம் வைச்சுக் குடுக்கிறியோ, உனக்கென்ன விசரோ எண்டு கேக்கிறார், மாஸ்டர். அவவுக்கு நாளைக்கு ஒரு வழக்கு வேணுமெண்டால் உந்தத் தாளே போதுமாம். எனக்கு முந்தி ஒரு பயம்தான் இருந்தது. நீங்கள் அதை ரெண்டாக்கிப் போட்டியள்.”

கடைமடையில் வேறு கதை. அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. படுத்திருந்த கணவர் தாளை முகத்துக்கு மேலே பிடித்து இரண்டு முறை வாசித்தார். அவருடைய தகப்பன் ஊரில் ஒரு தாளில் பெருவிரல் வைத்துத்தான் பனங்காணியை இழந்தவராம். எந்தத் தாள், என்ன எழுதியிருந்தது என்பது மகனுக்குத் தெரியாது. பெருவிரல் வைத்த கதை மட்டுமே தெரியும்.

“உரித்துக் கோரமாட்டன் எண்டு நான் ஏன் எழுதித் தரவேணும்?” என்று அக்கா கேட்டார். “அவையிட்ட மிசின் இருக்கு, பிறக்கிராசி இருக்கு. எங்களிட்ட இருக்கிறது இந்தக் கடைமடைக் காணி ஒண்டுதான். விரலை வைச்சால் அதுவும் போகும் எண்டு இவர் சொல்லுறார்.”

“இந்தத் தாளில் உங்கட காணியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, அக்கா.”

“இருக்கோ இல்லையோ எண்டு எனக்கு வாசிக்கத் தெரியாதே, மாஸ்டர்.”

அதுவரை அவர் என்னைத் தம்பி என்றே அழைத்துவந்தார். அன்றுதான் முதன்முறையாக மாஸ்டர் என்றார்.

பத்து நாட்கள் இரண்டு வீடுகளுக்குமிடையே ஒன்றரை மைல் மணல் பாதையில் சைக்கிள் மிதித்தேன். தாளைக் கிழித்துப் போடுகிறேன், பழையபடி வாய் வார்த்தையில் செய்யுங்கள் என்று இரு பக்கமும் கெஞ்சினேன். இப்போது அது இயலவில்லை. கையெழுத்துக் கேட்டபின் கையெழுத்து இல்லாமல் எப்படி என்றார் அண்ணை. கையெழுத்துக் கேட்டவரின் வயலில் எப்படிக் கால் வைப்பது என்றார் அக்கா. விதானையார் சொன்ன அந்த வெட்கம் உண்மையிலேயே விட்டுப் போயிருந்தது. அதைத் திருப்பிக் கொண்டுவர என் படிப்பில் ஒரு வழியும் இருக்கவில்லை.

இதற்கிடையில் மற்ற மேல்மடைக்காரர்கள் தங்கள் துண்டுகளைச் சத்தமில்லாமல் கொடுத்து முடித்திருந்தார்கள். தாளும் இல்லை, ஒப்பமும் இல்லை. யாருக்குக் கொடுத்தார்கள் என்று பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. கடைமடையில் மாட்டுச் சோடி வைத்திருந்தவர்களுக்கும், மகன்மார் உத்தியோகம் பார்க்கும் வீடுகளுக்கும் துண்டு கிடைத்திருந்தது. அவர்கள் காணியைப் பிடித்துவைக்க வேண்டிய தேவை இல்லாதவர்கள்; ஆகவே நம்பத்தக்கவர்கள். யாருக்குத் துண்டு மிக அவசியமோ, அந்த அவசியமே அவருக்கு எதிரான சாட்சியாக எண்ணப்பட்டது. அக்காவைப் போல மூன்று வீடுகள் வெறுங்கையோடு நின்றன. ஒருவரும் அநியாயம் செய்துவிட்டதாக நினைக்கவில்லை. தனித்தனியே கேட்டால் ஒவ்வொருவரும் நியாயமான காரணம் சொன்னார்கள். எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

குளத்து மதகான துருசு திறந்து நான்காம் நாள் காலை, அக்கா தானாகவே மேல்மடைக்குப் போனார். வாய்க்கால் கரையில் விதானையாரோடு நானும் நின்றேன். அண்ணை வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். அக்கா துண்டைப் பற்றிப் பேசவில்லை. சும்மா வரம்பில் நின்றார். அண்ணைதான் பொறுக்காமல் நிமிர்ந்தார்.

“பிள்ளை, நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை. மாரிக்கு விதைநெல் நான் தாறன். ஆறு புசல், மூண்டு ஏக்கருக்கும் போதும். திருப்பித் தரத் தேவையில்லை.”

“நெல்லுத் தருவியள், நிலம் தரமாட்டியள்.”

“நெல்லுப் போனால் நெல்லு. நிலம் போனால்?”

“ஓம். நெல்லைக் களவெடுத்தால் பரவாயில்லை எண்டு நினைக்கிறியள். வேண்டாம், அண்ணை. இண்டைக்குச் சும்மா வாங்கினால் நாளைக்கு என்ர நெல்லில விளைஞ்ச வயல் எண்டு வந்து வரம்பில நிப்பியள்.”

“ஆண்டவனே, அப்பிடி ஒரு கதை நான் கதைச்சனானே?”

“நாங்கள் மட்டும் கதைச்சனாங்களே?”

அக்கா திரும்பி நடந்தார். நான் பின்னால் ஓடிப்போய், வாங்கிக்கொள்ளுங்கள், மானத்தைவிடக் காணி பெரிது என்றேன். அவர் நடையை நிறுத்தவில்லை. அவர்மீது எனக்கு அன்று கோபம் வந்தது. ஆறு புசல் நெல் அந்த வீட்டைக் காப்பாற்றியிருக்கும். அதைக் கொடுக்க முன்வந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்று நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் நெல்லுக்கு நம்பி நிலத்துக்கு நம்பாதவரின் கையிலிருந்து வாங்குவது எப்படி இருக்கும் என்று, மாதாமாதம் சம்பளம் எடுத்த நான் எங்கே அறிவேன்? அந்த ஆறு புசலை நானே வாங்கிக் கொடுத்திருக்கலாம். அதையும் யோசித்தேன். சங்கத்துச் செயலாளர் ஒரு வீட்டுக்கு மட்டும் கொடுத்தால் மற்ற இரண்டு வீடும் என்ன சொல்லும், சங்கத்தின்மேல் இருக்கும் நம்பிக்கை என்னவாகும் என்று விளைவுகளை நிறுத்துப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

மாரி வந்தது. பல ஆண்டுகளில் காணாத மழை. குளம் நிரம்பி மேலால் பாய்ந்தது. வாய்க்கால் கடைமடை வரை கரைபுரண்டு ஓடியது. அக்காவின் மூன்று ஏக்கரில் கோரைப்புல் இடுப்பளவு வளர்ந்தது.

மார்கழியில் காணி அதிகாரி விசாரணைக்கு வந்தார். நல்ல மனிதர். பத்திரத்தை உடனே எடுக்க விரும்பவில்லை. அடுத்த காலபோகத்தில் இந்தக் காணி செய்யப்படும் என்று இரண்டு பேர் பிணை ஒப்பமிட்டால் ஓராண்டு பொறுப்பதாகச் சொன்னார். நான் ஒன்று வைத்தேன். இரண்டாவது ஒப்பத்துக்கு அண்ணையிடம் போனேன். அவருடைய கண்கள் கலங்கியிருந்ததையும் நான் சொல்ல வேண்டும்.

“வேற என்ன எண்டாலும் கேளுங்கோ, மாஸ்டர். நெல்லு, ஆள், மிசின். கையெழுத்து எண்டால் எனக்குப் பயம். அந்தப் பயத்தைக் காட்டித் தந்ததே நீங்கள்தான்.”

மற்ற வீடுகளிலும் ஏறி இறங்கினேன். பிணைக்கு ஒருவரும் வரவில்லை. தையில் பத்திரம் நீக்கப்பட்ட கடிதம் வந்தது. செயலாளர் என்ற முறையில் அதை வாசித்துக் காட்டியவனும் நானே.

அவர்கள் ஊருக்குத் திரும்பிய அன்று காலை நான் போயிருந்தேன். சாமான்கள் ஒரு மாட்டு வண்டிக்குக்கூட நிறையவில்லை. கணவரை வண்டியில் வைக்கோல் மேல் படுக்கவைத்திருந்தார்கள். அக்காவை வீட்டில் காணாமல் வயலுக்குப் போனேன். வாய்க்காலில் அப்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வரம்பில் குனிந்து நின்று, தன் வயலின் மடைவாய்க்குள் மண் வெட்டிப் போட்டு, காலால் மிதித்து இறுக்கினார். போகம் முடிந்து பிறர் காணியைத் திருப்பிக் கொடுப்பவர்கள் செய்வதைப் போலவே செய்தார். தண்ணீர் நின்றதும் மண்வெட்டியை வாய்க்காலில் கழுவி என்னிடம் நீட்டினார்.

“இது அண்ணை வீட்டது. முந்தாநாள் வாங்கினனான். நீங்களே கையில குடுங்கோ, மாஸ்டர். குடுத்ததை நீங்கள் கண்டனீங்கள். பிறகு தரேல்லை எண்டு ஒரு கதை வரக்கூடாது.”

அதைச் சைக்கிள் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேல்மடைக்குப் போனேன். அண்ணையின் மனைவி முற்றத்தில் நின்றார். யார் கொடுத்துவிட்டது என்று சொல்லிக் கொடுத்தேன்.

“போயிட்டினமோ?” என்று கேட்டார். குரலில் உண்மையான துயரம் இருந்தது. கேட்டுக்கொண்டே மண்வெட்டியின் இலையைத் திருப்பிப் பிடித்து, விளிம்பைப் பார்த்தார்.